ஏழு கை மாறிய மணி

பேச்சு போன பிறகு அப்பாவுக்கு மிஞ்சியவை இரண்டு சொற்கள். ஒரு மணி அடித்தால் வா. இரண்டு மணி அடித்தால் போகலாம்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெறும்வரை பஸ் கண்டக்டராக இருந்தவருக்கு இது குறைவாகத் தெரியவில்லை. ஒரு மணிக்கு வண்டி நிற்கும், இரண்டு மணிக்குக் கிளம்பும். மற்றதெல்லாம் பயணிகள் பொழுது போகாமல் பேசுவது என்று, பேச முடிந்த காலத்திலேயே சொல்வார். ரைட் கொடுத்த பிறகு வண்டி நிற்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஓடிவந்து ஏறப் பார்த்த சொந்தத் தங்கையையே ஒருமுறை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு நடந்துதான் வந்தார்.

மணியைச் செய்தது அண்ணன். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பொது வார்டில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்ட வேண்டும். வார்டு முழுக்க டம்ளர் சத்தம். எந்தக் கட்டில் எதற்குத் தட்டுகிறது என்று நர்சுக்குத் தெரியாது. ஒருநாள் நாங்கள் போனபோது அப்பா நனைந்த துணியோடு கிடந்தார். டம்ளர் கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது. அண்ணன் குனிந்து அதை எடுத்தான். கழுவிக் கொண்டுவந்து வைத்தான். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த வாரமே மணி தயாராகிவிட்டது.

கட்டிலின் இடது பக்கம் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில், அலமாரிக்குக் கீழே மாட்டியிருக்கும் பஸ்ஸர் அடிக்கும். அடித்ததும் யாராவது ஒருவர் ஓடுவோம். தையல்கடை முனையில் திரும்பினால் வீடு. சைகையில் தண்ணீர் கேட்பார், திரும்பிப் படுக்க வைக்கச் சொல்வார், சில சமயம் ஒன்றுமே கேட்காமல் சிரிப்பார். காலையில் நாங்கள் கடைக்குக் கிளம்பும்போது இரண்டு மணி அழுத்துவார். கடையில் யாரும் இருக்க மாட்டார்கள், கேட்காது. ஆனாலும் அது எங்களுக்கு ரைட். அதற்குப் பிறகுதான் செருப்பைப் போடுவோம்.

கடை என்று சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. நிறுவனம் என்று சொல்ல வேண்டும். நிறுவனத்தில் அண்ணன் நிறுவனர். நான் பணியாளர்கள்.

அக்கம்பக்கத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டில் எல்லாம் மணியைக் கேட்டார்கள். மாட்டிக் கொடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ஒருநாள் தன் மாமியாருக்காக வந்து பார்த்துவிட்டு, “இது என் வார்டுல இருந்தா நான் ஒரு வாய் சோறாவது உக்காந்து திம்பேன்பா” என்று சொல்லி, அண்ணனைக் கையோடு அழைத்துப்போய்க் கொள்முதல் அதிகாரி முன்னால் நிறுத்தினார்.

அதிகாரி பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அடித்தது. அவருக்குத் திருப்தி.

“நல்லா இருக்கு. நீங்க எத்தனை பேரு?”

“ரெண்டு பேர் சார்.”

“தொள்ளாயிரம் கட்டில் தம்பி. ரெண்டு பேரை நம்பிக் குடுத்துட்டு நான் ராத்திரி எப்படித் தூங்குறது?”

“பெல் அடிச்சா எழுந்துக்கலாம் சார்.”

அண்ணன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் அதிகாரி அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். “பெரிய கம்பெனியா வாங்க, பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டார்.

இப்படித்தான் நாங்கள் பேரிணையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சிறு தொழில்நுட்ப நிறுவனங்களின் பேரிணையம் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருந்தது. படியில் ஏறும்போது விற்காத கட்டில்களை ஒதுக்கிக்கொண்டு ஏற வேண்டும். தனித்தனியாக இருந்தால் யாரும் மதிக்காத சிறு நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய வேலைகளைப் பிடிப்பது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அண்ணன் அதை வாசலில் இருந்த பலகையில் இரண்டு முறை படித்தான்.

எங்களைச் சேர்த்து ஆறு நிறுவனங்கள். லாரிகளுக்கு ஜிபிஎஸ் பொருத்துபவர், கடைகளுக்குக் கேமரா மாட்டுபவர், மளிகைக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் தருபவர், கைரேகை வைத்து வருகை பதியும் இயந்திரம் விற்பவர், விளம்பரக் குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்பும் ஒரு அக்கா. ஏழாவது தலைவர். அவருக்கு மட்டும் நிறுவனம் எதுவும் இல்லை. இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அவர் அந்தத் தியாகத்தைச் செய்திருந்தார்.

பேரிணையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் யாரும் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘நாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். தவறிச் சொன்னவர் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். முதல் கூட்டத்தில் அண்ணன், “நான் ஒரு பெல் செஞ்சிருக்கேன்” என்று தொடங்கினான். உடனே எழுந்து நிற்க வைக்கப்பட்டான். கொஞ்ச நேரத்தில் கேமராக்காரர், சர்க்கரை வியாதி உள்ளவர், நெளிந்துகொண்டே, “நாம் பாத்ரூம் போகணும்” என்றார். தலைவர் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா தம்பி? இந்த உணர்வுதான் வேணும்.”

எல்லோரும் அவரோடு எழுந்து போய்விட்டு வந்தார்கள். அண்ணன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அவனுக்குச் சிரமம் குறைவு. நான் போகவில்லை. பணியாளர்களுக்கு அந்த உணர்வு கட்டாயம் இல்லை.

அடுத்த கூட்டத்தில், பெயரில் ‘சிறு’ இருப்பதா வேண்டாமா என்று பேசினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில், ‘பேரிணையம்’ இருக்கும்போது ‘சிறு’ இருந்தால் என்ன என்று பேசினார்கள். மணியைப் பற்றிப் பேச்சு வருவதற்குள், கீழே விற்காமல் கிடந்த கட்டில்கள் கூட விற்றுப்போயிருந்தன. ஒவ்வொரு முறையும் அண்ணன் பஸ்ஸரைப் பையில் எடுத்துக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து மாட்டுவான். அந்த நேரங்களில் பக்கத்து வீட்டு அக்கா அப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் மணியின் முறை வந்தது. தலைவர் எழுந்து பேசினார்.

“ஆஸ்பத்திரி வேலை நமக்குத்தான். அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஒரு விஷயம். தம்பியோட பெல்லு இருக்கே, அதை அழுத்துறாங்க, அடிக்குது. அவ்வளவுதான். இதுல பேரிணையம் எங்க இருக்கு? அழுத்துறதுக்கும் அடிக்கிறதுக்கும் நடுவுல நாம யாருமே இல்லையே! ஒரு பெல்லை ஒருத்தர் அடிச்சா அது சத்தம். ஏழு பேர் சேர்ந்து அடிச்சாத்தான் அது திட்டம்.”

பலத்த கைதட்டல். அண்ணனும் தட்டினான். பிறகுதான் யோசித்தான்.

அழுத்துவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் எல்லோருக்கும் சமபங்கு என்று முடிவானது. ஜிபிஎஸ்காரர்தான் முதலில் இடம் பிடித்தார்.

“கட்டில் எங்க இருக்குன்னு முதல்ல தெரியணும்ல?”

“கட்டில் அங்கேயேதான்ணே இருக்கும்.”

“இன்னைக்கு இருக்கும். நாளைக்கு?”

எந்தக் கட்டிலின் நாளையையும் அண்ணன் யோசித்தவன் இல்லை.

அடுத்தது கேமரா. அழுத்தியது நோயாளிதானா, பார்க்க வந்தவர்கள் யாராவது விளையாட்டுக்கு அழுத்தினார்களா என்று பார்க்க வேண்டும். அடுத்தது கைரேகை. நோயாளிதான் என்றாலும் அதே நோயாளிதானா? அப்புறம் பில்லிங்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பில் நம்பர் வேணும். நம்பர் விழாத எதுவும் இந்த உலகத்துல நடந்ததா அர்த்தமே இல்லப்பா” என்றார். அவர் பேசினால் அறை கொஞ்சம் அமைதியாகிவிடும்.

குறுஞ்செய்தி அக்கா நல்லவர். எனக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் பக்கத்தில் இடம் போட்டுவைப்பார். அவரே சங்கடத்தோடுதான் சொன்னார்.

“நம்பர் விழுந்ததும் நம்மகிட்ட வந்துடும். ஆனா தம்பி, ஒத்த மெசேஜ் நம்மால அனுப்ப முடியாது. நம்ம பண்றது மொத்த வியாபாரம். ஒரு கட்டு சேரணும். சேந்துடுச்சுன்னா ஒரே தள்ளா தள்ளிடுவோம்.”

“சேரலைன்னா அக்கா?”

“சேரும்பா. ஆஸ்பத்திரியில நோயாளிக்கா பஞ்சம்?”

கட்டு சேர்ந்து வந்ததும் கடைசியாகத் தலைவர் ஒப்புதல் தருவார். அதற்குப் பிறகு மணி அடிக்கும். “மணி முழுக்க முழுக்கத் தம்பியோடதுதான். அதுல நாம யாரும் தலையிட மாட்டோம்” என்று தலைவர் தெளிவுபடுத்தினார்.

அண்ணன் கையைத் தூக்கினான். “அண்ணே, கட்டில்ல இருக்கிறவங்க மூச்சு முட்டி அழுத்துவாங்க. இவ்வளவு தாண்டி வர்றதுக்குள்ள...”

“நீங்க நீங்களாவே யோசிக்கிறீங்க தம்பி. நாமா யோசிச்சுப் பாருங்க. நோயாளிங்க வருவாங்க, போவாங்க. பேரிணையம் நிக்கணும்ல?”

செய்து பார்க்க ஒரு இடம் வேண்டும் என்றார்கள். முன்னோடி இடம் என்று அதற்குப் பெயர். யாரும் யார் வீட்டையும் சொல்லவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

அன்று கடையில் நான் அண்ணனோடு சண்டை போட்டேன். எனக்குச் சண்டை என்றால் குரலைத் தாழ்த்திப் பேசுவது.

“அப்பாவோடத இதுல சேக்காதண்ணே.”

“வேற யாரு வீட்டுல போய்க் கேக்குறது பாப்பா? ஆஸ்பத்திரி அதிகாரி வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான். அப்புறம் பழையபடி மாத்திடலாம்.”

“அதுவரைக்கும்?”

“பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிக்கலாம்.” கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக்கொண்டே இருந்தான். “அங்க தொள்ளாயிரம் பேரு டம்ளர் தட்டிட்டுக் கெடக்குறாங்க. நீ பாத்தல்ல?”

பார்த்திருந்தேன். அதனால் அடுத்த ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பாவிடமும் கேட்டோம். அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினான். ஜிபிஎஸ், கேமரா, கைரேகை, பில் நம்பர், மொத்தக் கட்டு, ஒப்புதல். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வழியில் பழுதாகி நிற்கும் வண்டியில் டிரைவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்.

போகலாம்.

சோதனை ஓட்டம் ஒரு மதியம் நடந்தது. அப்பா ஒரு மணி அழுத்தினார். ஜிபிஎஸ்காரர் கட்டில் நகரவில்லை என்று உறுதி செய்தார். கேமராவில் அப்பா தெரிந்தார். அப்பாவும் கேமராவைப் பார்த்தார். கைரேகை பொருந்தவில்லை. அத்தனை வருஷம் டிக்கெட் கிழித்த விரலில் ரேகை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கைரேகைக்காரர் தன் விரலையே அப்பாவின் விரலாகப் பதிந்துகொண்டு, இந்தக் கட்டிலுக்கு இனி ரேகை கேட்காதபடி மாற்றிவிட்டார். நம்பர் விழுந்தது. குறுஞ்செய்தி அக்கா தன் மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லோருக்கும் காலை வணக்கம் அனுப்பி ஒரு கட்டு சேர்த்தார். தலைவர் அப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஒப்புதல் கொடுத்தார். பொழுது சாய்ந்த நேரத்தில் கடையில் மணி அடித்தது. அது எங்களுக்குத் தையல்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். கடையில் யாரும் இல்லை. நாங்கள் எல்லோரும் மணி அடிக்குமா என்று அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

“அடிச்சுதா இல்லையா?” என்றார் தலைவர்.

“அடிச்சுது.”

“அப்போ வெற்றி.”

கூட்டத்தில் அதை வெற்றி என்று பதிவு செய்தார்கள். தாமதம் பற்றி அண்ணன் சொன்னதை, விரிவாக்கத்துக்கான வாய்ப்பு என்று பதிவு செய்தார்கள்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் காலையில் எல்லோரும் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. பெரிய கம்பெனியில் ஆட்கள் நிறைய இருப்பார்கள் அல்லவா? அவரவர் கடை நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர், வேலையாட்கள் எல்லாம் மாடிக்கு வந்தாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. அண்ணனுக்குக் கிடைத்த சட்டைக்குள் இன்னொரு அண்ணனும் இருக்கலாம்.

நாங்கள் கிளம்பும்போது கேமராக்காரர் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஏதோ ஒரு ஒயர் சரியில்லை என்று பொத்தானைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்பா பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் மாட்டிடுங்கண்ணே, அப்பா ரைட் குடுத்தாத்தான் கிளம்புவோம்” என்றேன். நான் வெளியாட்களிடம் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

“அட நீங்க போம்மா. நேரமாச்சு. நாம மாட்டிட்டு வந்துடுறோம்.”

அவர் ஒருவர்தான் இருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். தையல்கடை முனை வரை அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மாடி வாசலில் ஒரு கூடை வைத்திருந்தார்கள். எல்லோரும் போனை அதில் போட வேண்டும். பெரிய கம்பெனியில் யார் போனும் கண்டபடி அடிக்காது என்றார் தலைவர். கூடையைக் கீழே மரச்சாமான் கடைக்காரர் ஒரு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். உள்ளே மேசைகள் வரிசையாக இருந்தன. பில்லிங்காரரின் மனைவி ஒரு அணைந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு கட்டில். பின்னால் திரை.

தலைவர் அண்ணனைத் தனியாக அழைத்துப்போனார். நான் பணியாளர்கள் என்பதால் நானும் போனேன்.

“தம்பி, நம்ம வழியில போனா கொஞ்சம் நேரம் ஆகும். பெரிய மனுஷங்களைக் காக்க வைக்க முடியுமா? நீங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க பழைய பெல்லு எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல? அதோட ஒரு பொத்தானை நேரா சேத்துட்டுத் திரைக்குப் பின்னாடி உக்காந்துக்குங்க. அவர் அழுத்துறப்போ நீங்களும் அழுத்திடுங்க.”

அண்ணன் பையிலிருந்து பஸ்ஸரை எடுத்தான்.

“அப்போ ஏழு பேரு எதுக்குண்ணே?”

“ஏழு பேரு இல்லாட்டி அவரு வந்திருப்பாரா தம்பி?”

இதுதான் அவர் பேசியவற்றிலேயே உண்மையானது. அண்ணன் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

அதிகாரி வந்தார். வரிசையாக இருந்த மேசைகளையும் ஒரே நிறச் சட்டைகளையும் பார்த்துத் தலையாட்டினார். தலைவர் நெடுநேரம் பேசினார். ஒவ்வொரு நோயாளியின் குரலையும் தனித்துக் கேட்பதே நம் லட்சியம் என்றார். பிறகு அதிகாரி மேடைக் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

மணி அடித்தது.

“அட!” என்றார். திரும்ப அழுத்தினார். அடித்தது. சின்னப் பிள்ளைபோல விட்டுவிட்டு அழுத்தினார், சேர்த்து அழுத்தினார், திடீரென்று அழுத்தினார். ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால் அண்ணன் தவறாமல் அடித்தான். நான் திரையின் இடுக்கில் நின்று அதிகாரியின் கையைப் பார்த்துச் சைகை காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

“இதான் பெரிய கம்பெனிங்கிறது” என்று அதிகாரி தலைவரிடம் சொன்னார். “முன்னாடி ஒருத்தன் வந்தான். ரெண்டே பேரு. அதே மாதிரி பெல்லுதான். ஆனா ஒரு நம்பிக்கை வரலை பாருங்க.”

வேலை எங்களுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். தலைவர் மேடையில் கண் கலங்கினார். “நாம் ஜெயித்துவிட்டோம்” என்றார். அண்ணனும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. “பாப்பா, இனிமே வார்டுல ஒருத்தர் கூட டம்ளர் தட்ட வேண்டாம்” என்றான். அன்று முழுக்க அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பீரோ சாவியைக் கடைக்காரர் எங்கேயோ வைத்துவிட்டிருந்தார். அது கிடைத்துக் கூடையை வெளியே எடுத்தபோது அண்ணனின் போனில் பக்கத்து வீட்டு அக்கா பலமுறை கூப்பிட்டிருந்தது தெரிந்தது.

நாங்கள் ஓடினோம். பஸ்ஸர் அண்ணனின் பையில் கிடந்து ஓடும்போதெல்லாம் முதுகில் இடித்தது.

வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அவர்கள் வழி விட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது.

“வந்து பாத்தேன்மா, நடுநடுல வந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்” என்று பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தூங்குறாருன்னு நெனச்சேன். அப்புறம் வந்தப்போ கூட அதே மாதிரியே... கையில பெல்லு இருந்துச்சும்மா. விரலு அதுமேலயே இருந்துச்சு. அழுத்திருப்பாரோ?”

அண்ணன் அந்த அறையில் இருந்த யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கப் போனான். எடுக்கவில்லை. விட்டுவிட்டான். சுவரில் கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேரிணையம் முழுவதுமாக வந்தது, ஒரே நிறச் சட்டையில். இரங்கல் கூட்டத்தில் தலைவர் உருக்கமாகப் பேசினார். “நம் தந்தை மறைந்துவிட்டார்” என்று தொடங்கினார். அவர் ஒரு தனி மனிதர் அல்ல, நம் திட்டத்தின் முதல் பயனாளி என்றார். அவர் விட்டுச்சென்ற இடம் காலியாகவே இருக்கும், எனவே வேறொரு முன்னோடி இடத்தை விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அண்ணன் எழுந்து, “நான்...” என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். அதற்குமேல் வரவில்லை. உட்காரவும் இல்லை. கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தான். வழக்கம் தெரிந்தவன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அப்பா அன்று அழுத்தினாரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தான். கட்டில் நகரவே இல்லை என்றார் ஜிபிஎஸ்காரர். படம் தெளிவாக வந்திருக்கிறது, ஆனால் எல்லோரும் மாடியில் இருந்ததால் பார்க்க ஆளில்லை என்றார் கேமராக்காரர். அந்தக் கட்டிலுக்கு ரேகை கேட்பதையே நிறுத்தியாகிவிட்டது என்றார் கைரேகைக்காரர். நம்பர் விழுந்திருந்தால் எங்கேயும் போகாது, பத்திரமாக இருக்கும் என்றார் பில்லிங்காரர். குறுஞ்செய்தி அக்காவிடம் அவன் கேட்கவில்லை. அவர் எங்களைப் பார்த்தால் அழுதார்.

பேரிணையத்திலிருந்து விலகிவிடலாமே என்று நான் சொன்னேன். “விலகலாம். அப்புறம் அந்த வார்டுக்கு யாரு மாட்டுவா?” என்றான். பிறகு கடையில் பஸ்ஸரை அதே இடத்தில், அலமாரிக்குக் கீழே, மாட்டினான். ஏழு பேர் வழியாக வரும் அதே இணைப்பில். பழையபடி மாற்றிக் கொடுக்க எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை. சும்மா சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று மாட்டியதாகச் சொன்னான்.

தொள்ளாயிரம் கட்டில் வேலை தொடங்கியது. நான் பொத்தான்களுக்கு ஒயர் சேர்ப்பேன், அவன் சோதிப்பான். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பான். பெண்கள் வார்டில் முதலில் மாட்டினோம். தலைமை நர்ஸ் ஒருநாள் கடைக்கு வந்து நின்றார். “பெல்லு மாட்டியிருக்கீங்க. அடிக்கவே மாட்டேங்குதேப்பா” என்றார்.

“தலைவர் வெளியூர் போயிருக்காரு மேடம். விருது வாங்க. வந்ததும் அடிக்கும்.”

நர்ஸ் அவனைத் திட்டத்தான் வந்திருந்தார். முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டாமல் போனார். பழைய டம்ளர்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

பெண்கள் வார்டில் அத்தனை பேரும் அழுத்திக்கொண்டே இருந்ததால் குறுஞ்செய்தி அக்காவிடம் ஒரு கட்டு நன்றாகவே சேர்ந்தது. தலைவர் விருதோடு வந்து இறங்கினார். பழையது, புதியது என்று கிடப்பில் இருந்த எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒப்புதல் கொடுத்தார்.

அப்போது நாங்கள் கடையில் இருந்தோம். நல்ல வெயில். நான் ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

அலமாரிக்குக் கீழே மணி அடித்தது. ஒரு மணி.

அண்ணன் ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டான். நான் அவனுக்கு முன்னால் தெருவில் இருந்தேன். செருப்பு போடவில்லை. எப்போதும் ஓடுவது போலத்தான் ஓடினோம், யார் முதலில் என்று. தையல்கடை முனையில் திரும்பும்போது தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். அவர் பார்த்த பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றோம். தார் சுட்டது. அண்ணன் என் தலையில் கையை வைத்தான், எடுத்தான். திரும்பி நடந்தோம்.

கடைக்குள் நுழையும்போது மறுபடியும் ஒரு மணி அடித்தது. இந்த முறை நாங்கள் அசையவில்லை. இன்னும் ஒரு மணி. அப்புறம் ஒன்று, நீளமாக, விரலை எடுக்காமல் அழுத்தியது போல. அண்ணன் பஸ்ஸருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான். வரேன்ப்பா, வரேன்ப்பா என்று உதடு அசைந்தது.

பிறகு சத்தமே இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம், அவசரமே இல்லாமல், தெளிவாக, இரண்டு மணி.

அண்ணன் என்னைப் பார்த்தான். அதிகாரி வந்த அன்று காலையில் எங்களுக்குக் கிடைக்காத ரைட் அது. ரைட் கொடுத்த பிறகு வண்டி நிற்கக் கூடாது. அவன் எழுந்து ஒயர்களை எல்லாம் மேசையில் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தான். நான் விளக்கை அணைத்தேன். இரண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டோம். எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. ஆனாலும் கிளம்பினோம்.